ஒராவுக்கு நீலம் தெரியும் என்று காட்டிய பிலோமினா ரீச்சர்

சாவுச் செய்தி வந்த நேரம் வீட்டில் இருந்தவர்கள்: நான், மகள் இராசமணி, அடுத்த வளவு செய்னம்பு, கதிரையில் என் புருஷன். குச்சவெளி பஸ்ஸால் இறங்கி வந்த யோசப்பு படலையிலேயே நின்று, "பிலோமினா ரீச்சர் விடியப்புறம் மோசம் போயிட்டா" என்றார். இராசமணி அழுதாள். செய்னம்பு முக்காட்டை இழுத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். என் புருஷன் எழும்பி வேலியடிக்குப் போனார். எனக்கு நிற்கவும் ஏலவில்லை, இருக்கவும் ஏலவில்லை. அந்த அந்தரம் இன்னும் போகவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ரீச்சரிடம் படித்தவர்கள் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் நல்ல தமிழில் எழுதுவார்கள். அவர்களுக்குத் தெரியாததை நான் எழுதவேண்டும்.

வெள்ளைக்காரக் கப்பற்படை துறைமுகத்தை விட்டுப் போன அடுத்த வருடம் ரீச்சர் எங்கள் பின்னறைக்கு வாடகைக்கு வந்தார். விஞ்ஞானம் படிப்பித்தார். இருந்து ஒரு தேத்தண்ணீர் குடிக்கமாட்டார்; நடந்துகொண்டே குடிப்பார். முதற் கிழமையே குசினிக்குள் வந்து, நான் அரிந்துகொண்டிருந்த மீன் தலையைக் கேட்டு வாங்கி, என் கத்தியாலேயே பிளந்தார். மூளை சின்னி விரல் நகத்தளவு. அதில் இரண்டு உருண்டை பயறுபோலத் தள்ளிக்கொண்டு நின்றன.

"பாருங்கோ பாக்கியம், இந்த ரெண்டும் கண் காணுறதை வாங்கிறதுக்கெண்டே இருக்கு. வலக்கண் கண்டது இடப்பக்கம் போகும், இடக்கண் கண்டது வலப்பக்கம் போகும்."

நரம்புகள் குறுக்கே போவதை ஊசியால் தூக்கிக் காட்டினார். அத்தனை வருடம் மீன் அரிந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு கிணற்றடியில் சீமெந்துத் தொட்டி கட்டி, கடல் தண்ணீர் ஊற்றி, நான்கு ஒரா மீன்களை விட்டார். ஒரே அளவில் தட்டுகள். ஒன்று நீலம், மற்றதெல்லாம் சாம்பல், வெளிறியதிலிருந்து கரியளவு வரை. நீலத்தில் மட்டும் தீன் வைப்பார். மீனுக்கு வெளிச்சமும் இருட்டும் தெரிந்தால் போதாதோ, நிறம் என்னத்துக்கு என்று என் புருஷன் பகிடி பண்ணுவார். அதற்காகத்தான் அத்தனை சாம்பல் என்பார் ரீச்சர். வெளிச்சத்தை மட்டும் பார்க்கிற மீன், நீலத்தளவு மங்கலான ஏதாவது ஒரு சாம்பலில் ஏமாறத்தானே வேண்டும். ஆழம் போகப் போகச் சிவப்பு கறுத்துவிடும், நீலந்தான் கீழே போய்ச் சேரும், இது தெரிந்தால் வலைக்கு என்ன சாயம் போடுவது என்று யோசிக்கலாம் என்றும் சொல்வார். ஐந்து மாதத்தில், தீன் வைக்காத வெறுந்தட்டுகளை எங்கே மாற்றி வைத்தாலும் நான்கும் நீலத்துக்கே வந்தன. என் கண்ணால் கண்டேன்.

அதைப் பார்க்க வருவதாகக் கொழும்பிலிருந்து மீன் ஆராய்ச்சி ஐயா ஒருவர் கடிதம் போட்டார். அவருக்குத் திருப்தி என்றால் ரீச்சருக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரீச்சர் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அது மார்கழி. வாடைக் காற்றில் மூன்று நாளாகத் தோணி இறங்கவில்லை. ஐயா வரும் நாள், அவரைக் கூட்டிவர ரீச்சர் ஸ்டேசனுக்கும் சாமான் வாங்க நான் சங்கக்கடைக்கும் போயிருந்தோம். கொழும்பு ஐயாவுக்குக் கருவாட்டோடு சோறு போடுவதா என்று என் புருஷனுக்கு மானம் பொத்துக்கொண்டு வந்தது. தொட்டிக்குள் இறங்கி நான்கையும் பிடித்துத் தன் தாயிடம், என் மாமியிடம், சமைக்கக் கொடுத்தார். நான் வந்தபோது சட்டி கொதிக்கிறது. அவர் ஒரா முள் குத்தின கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு இருக்கிறார். நான் வாய் திறக்குமுன் ரீச்சரும் ஐயாவும் படலைக்குள் வந்துவிட்டார்கள்.

ஐயா இரண்டு தரம் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரீச்சர் சாப்பிடவில்லை, நீலத் தட்டையும் சாம்பல் தட்டுகளையும் துடைத்து அடுக்கிக்கொண்டு நின்றார். பிறகு தொட்டியை மூடியிருந்த சாக்கை விலக்கினார். வெறுந்தண்ணீர்.

என் புருஷன் முந்திக்கொண்டார். "அம்மா வயசு போனவ. தெரியாமல் பிடிச்சுச் சமைச்சுப்போட்டா."

மாமி மகனைப் பார்த்தார். நான் பேசப் போக, என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

ஐயா சிரித்தார். "மூளையுள்ள மீன் எண்டால் சட்டிக்குள்ள வந்திருக்குமோ, மிஸ்?"

ரீச்சர் தட்டுகளைக் கீழே வைத்தார். மாமியிடம் போய், "அழாதேங்கோ ஆச்சி. கறி நல்ல ருசி எண்டுதானே ஐயா சாப்பிட்டவர்" என்றார்.

ரீச்சர் வேறு நான்கு ஒராக்களை விட்டு முதலிலிருந்து தொடங்கினார். மாமி நாள்தோறும் கடற்கரைக்குப் போய் அந்த மீன்களுக்குத் தீனாகப் பாசி பொறுக்கி வந்தார், செய்யாத குற்றத்துக்கு. அந்த நான்கும் நீலத்துக்கு வந்தன. கொழும்புக்கு மூன்று கடிதம் போயின. ஒன்றுக்கும் பதில் இல்லை. ரீச்சர் குச்சவெளிப் பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனார்.

மாமி செத்தபின், உண்மையைச் சொல்லவென்றே ஒருமுறை குச்சவெளிக்குப் போனேன். ரீச்சர் என் கையைப் பிடித்து, "ஆச்சியின்ரை அந்தப் பிழைக்காக ஒவ்வொரு ஞாயிறும் மன்றாடுறனான், பாக்கியம்" என்றார். சொல்லப் போனதைச் சொல்லாமலே அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். நான் திரும்பிப் பார்த்தபோது, வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார்.

ரீச்சர், ஆச்சி பிடிக்கவில்லை. இப்போது எழுத்தில் போட்டுவிட்டேன். இனி அவருக்காக அந்த மன்றாட்டு வேண்டாம். சொல்லாமல் இருந்த எனக்காக மன்றாடுங்கள். போய்வாருங்கள். கொழும்பு ஐயா அந்நியர், சிரித்துவிட்டுப் போகட்டும். பெற்ற தாயின் தலையில் பழியைப் போட்டு, அவர் அதற்காக நாள்தோறும் பாசி சுமந்ததைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ற மனுசனைத்தான் நான் மன்னிக்கமாட்டேன். கந்தையா கனகசபை, என் புருஷன்.