ஜன்னலோர இருக்கைக்கும் ஒரு டிக்கெட்

காரைக்குடியில் வாடகை வண்டி ஓட்டியே என் தலை நரைத்தது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் மைலேஜ், டயர், டோல் பற்றித்தான் கேட்பார்கள். அதெல்லாம் ஆறு மாதத்தில் தானாகவே வந்துவிடும். வண்டியில் ஏறுகிறவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் எழுதி வைக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1. நாலாவது ஆள்

கீழச்சிவல்பட்டி செல்வராசு போனில் என்னிடம், "நாலு பேருண்ணே, காலையில வாங்க. தீம் பார்க்குக்குப் போகணும்" என்றுதான் சொன்னார். திருப்பத்தூரில் உரக்கடை வைத்திருப்பவர், விவசாயக் குடும்பம். ஏழு சீட்டு வண்டியை அவர் வாசலில் நிறுத்தினேன். அவர் முன்னால் ஏறினார். அவர் மனைவி கலைச்செல்வியும் ஆறு வயது மகள் கயலும் நடு வரிசையில் ஏறினார்கள். என் பின்னால் இருக்கிற ஜன்னலோர இருக்கையை விட்டுவிட்டு நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். எனக்குக் காத்திருப்பது பிடிக்காது.

"இன்னொரு ஆள் எங்க தம்பி? வெரசா வரச் சொல்லுங்க. மேலூருக்குள்ளயே வெயில் ஏறிரும்."

"எல்லாரும் ஏறியாச்சுண்ணே. எடுங்க."

கண்ணாடியில் பார்த்தேன். கலைச்செல்வி அந்தக் காலி இருக்கைக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கையை உயர்த்தி, அதற்கு மேலே இருந்த ஏசி துளையை மூடினாள்.

"அதுக்குக் குளிர்காத்து ஆகாதுண்ணே" என்றாள்.

இருக்கையில் ஒரு துணிப்பைகூட இல்லை. எதற்குக் குளிர் ஆகாது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. முதல் சவாரியில் வாயாடினால் அடுத்த சவாரி கிடைக்காது என்பதால் கியரை மாற்றினேன்.

பார்க் வாசலில் செல்வராசு பெரியவர் டிக்கெட் இரண்டும் குழந்தை டிக்கெட் இரண்டும் எடுத்தார். திரும்பி வரும்போது டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டியதும் அவரே சொன்னார். மூத்த மகள் தேன்மொழி. வீட்டில் தேனு. கயல் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒன்பது வயதில், காய்ச்சலில் போய்விட்டாள்.

"பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளும் போயிட்டு வந்துச்சுகண்ணே. இதுவும் கேட்டுச்சு. ஒரு நா கூத்துக்கு இம்புட்டுச் செலவா, அடுத்த லீவுக்குப் பாப்போம்னேன். அடுத்த லீவுக்கு அது இல்ல."

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை வீட்டுச்சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஒரு ஓலைப்பெட்டியில் அந்தப் பிள்ளையின் அளவுக்குப் புதுத்துணி எடுத்து வைப்பார்கள். மறுவருஷம் அதை வெளியே எடுத்து வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுத்துவிட்டு, வேறு புதுத்துணி வைப்பார்கள். இருந்தபோது அதற்கு என்ன பிடிக்குமோ அதைப் படைப்பார்கள். பணியாரம் பிடித்தால் பணியாரம், மாம்பழம் பிடித்தால் மாம்பழம்.

"அது ஆசையாக் கேட்டது இது ஒண்ணுதாண்ணே. இதத்தான படைக்க முடியும்?" என்றார் செல்வராசு.

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய் வண்டியை எடுத்தேன்.

2. தகுமா, தகாதா

வருஷா வருஷம் கோடை விடுமுறையில் அந்தச் சவாரி எனக்கே வந்தது. அதே பார்க், அதே ராட்டினம், அதே தண்ணீர்ச் சறுக்கல். வேறு சில குடும்பங்களும் இப்படி ஒரே பார்க்குக்குத் திரும்பத் திரும்பப் போவதை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் பிள்ளைகள் கத்துகிற கத்தலில் காது போய்விடும். மூன்றாம் வருஷம் போனைப் பார்த்துக்கொண்டு வரும். அப்பன்காரன் மட்டும் வரிசையில் நின்று வேர்த்துக்கொண்டிருப்பான். சந்தோஷமா என்று கேட்டால் செல்பியைக் காட்டுவான்.

கலைச்செல்வியின் தம்பி நெற்குப்பைக்காரர். வண்டி கிளம்பும்போது ஒருமுறை வாசலில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

"மச்சான், ஒரே ஊஞ்சல்ல எத்தன வருசம் ஆடுவீக? இந்தக் காச கயலு பேர்ல பேங்க்ல போட்டாக்கூட உதவும். நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே, இது தகுமா?"

என்னைப் பார்த்துக் கேட்டார். சவாரியே வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? "மேலூருக்குள்ள வெயில் ஏறிரும்" என்று மட்டும் சொன்னேன்.

3. துணி சரியாக இருந்த வருஷம்

பார்க்குக்குப் போகிற அன்று கயல் உடுத்துவது அந்த ஓலைப்பெட்டித் துணியைத்தான். பாவாடை சட்டை, எப்போதும் தேனுவின் ஒன்பது வயது அளவு. முதல் வருஷம் பாவாடையை அவள் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள், நான்கூடச் சிரித்தேன். வருஷம் போகப் போகப் பாவாடை மேலே ஏறியது, தோளில் சட்டை வந்து உட்கார்ந்தது. அவளுக்கு ஒன்பது வயதான வருஷம், அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அன்று வாசலில் அவள் வந்து நின்றதும் செல்வராசு ஒருதரம் பார்த்தார். பிறகு பார்க் போய்ச் சேருகிற வரைக்கும் பின்னால் திரும்பவே இல்லை.

திருப்பத்தூர் தாண்டியதும் பின்னாலிருந்து கலைச்செல்வியின் குரல் வந்தது.

"தேனு, கொஞ்சம் அங்குட்டு நகரு."

பெயர் தவறி வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் கயல் ஏன் என்று கேட்கவில்லை, "நான் கயலு" என்று சொல்லவில்லை. நகர்ந்து அந்த ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். கலைச்செல்வி தன் பக்கத்தில் காலியான இடத்தைக் கையால் தடவிக்கொடுத்தாள். பிள்ளை இருக்கிற பக்கம் எது, இல்லாத பக்கம் எது என்று ஒரு நிமிஷம் எனக்கே புரியவில்லை. பட்டப்பகல், ரோட்டில் லாரியும் பஸ்ஸுமாகப் போகிறது, எனக்கு மட்டும் முதுகில் யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது.

மேலூரில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது கயலுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன். அவள் கையை மடக்கவில்லை.

"ரெண்டு குடுங்க மாமா" என்றாள்.

4. வண்டி கழுவும்போது

ஒரு குடும்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சவாரி முடிந்ததும் வண்டியை நீங்களே கழுவுங்கள். சீட்டுக்கு அடியில் எல்லாம் கிடக்கும். யாருக்கு வாந்தி வந்தது, யார் திருட்டுத்தனமாக சிகரெட் பிடித்தார், எந்தப் பிள்ளை அடி வாங்கியது என்று தெரிந்துவிடும்.

அதற்கு அடுத்த வருஷம் அந்த ஜன்னலோர இருக்கைக்கு அடியில் ஒரு வாழை இலைப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். இட்லி, கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல். ஒரு வாய்கூடக் கடிக்காமல், ஓரம் கலையாமல் மடித்து வைத்திருந்தது. சாமிக்கு வைத்த படையல் என்றுதான் நினைத்தேன், எங்கள் ஊர்க்காரன் எவனும் அப்படித்தான் நினைப்பான். கையைக் கழுவிவிட்டு, இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டுபோய் மதில்மேல் காக்கைக்கு வைத்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை, பயமும் விடவில்லை.

5. யானைப் பலகை

கடைசி வருஷம் செல்வராசு கடையில் உரமூட்டை சரிந்து காலில் விழுந்து, கட்டுப் போட்டிருந்தார். "என்னால உள்ள நடக்க முடியாதுண்ணே, வண்டியிலயே இருக்கேன். என் டிக்கெட்டுல நீங்க போங்க. அதுக கூட ஒரு துணை இருக்கட்டும்" என்றார். அத்தனை வருஷமும் பார்க்கிங்கில் படுத்துக் கிடந்த நான் அன்றைக்குத்தான் உள்ளே போனேன்.

நடக்கும்போது கயலைப் பின்னாலிருந்து பார்த்தேன். பதினோரு வயது. பாவாடை கணுக்காலுக்கு நன்றாக மேலே ஏறியிருந்தது. உயரத்துக்குத் துணி பற்றவில்லை. ஆனால் இடுப்பில் தொளதொளவென்று கிடந்தது. வளர்கிற பிள்ளைக்கு நீளம் குறையும், இடுப்பும் இறுக வேண்டும் அல்லவா? கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. சாப்பாட்டு இடத்தில் உட்கார்ந்தபோது கவனித்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கத் திரும்பிய நேரம் பார்த்து இலையில் இருந்ததை அள்ளி இன்னொரு இலையில் மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். நான் காக்கைக்கு வைத்தது யாருடைய சாப்பாடு என்று அப்போதுதான் தெரிந்தது.

அதைச் சொல்வதற்குள் குட்டி ரயிலுக்கு வந்துவிட்டோம். எந்த வருஷமும் அவர்கள் விடாமல் ஏறுவது அதில்தானாம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமான ரயில். வாசலில் ஒரு யானைப் பலகை, தும்பிக்கை நுனியில் சிவப்புக் கோடு. தலை கோட்டுக்கு மேலே போனால் ஏற்ற மாட்டார்கள்.

பெரிய ராட்டினங்களில் கோட்டை எட்டினால்தான் ஏற்றுவார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கயல் யானைப் பலகையில் முதுகைச் சாய்த்து நின்று, பாவாடைக்குள்ளே முழங்காலை மடக்கினாள். அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் நின்ற எனக்குத் தெரிந்தது.

"கயலு, காலை நிமித்து ஆத்தா" என்றேன்.

"வேணாம் மாமா."

"ஏன்?"

"நிமிந்தா கோட்டத் தாண்டிரும். அப்பறம் அக்கா தனியா ஏறணும். அது பயப்படும்ல?"

கலைச்செல்வி என் முகத்தைப் பார்த்தாள். நான் கயலின் பைக்குள் இருந்த பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவள் இலையைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஏன்டி சாப்புடல?" குரல் அவளுடையதாகவே இல்லை.

"சாப்புட்டா வளந்துருவேன்லம்மா. அப்பறம் அக்கா சட்டை பத்தாது. அக்கா இம்புட்டுத்தான இருக்கு?"

இம்புட்டு என்று சொல்லும்போது கயல் பக்கத்தில் கையை நீட்டிக் காட்டினாள். திரும்பிப் பார்த்து அளந்து காட்டவில்லை. கை தானாகப் போய் ஒரு உயரத்தில் நின்றது. ஒரு தலைமேல் வைத்த மாதிரி உள்ளங்கை லேசாகக் குவிந்திருந்தது. தேனு போனபோது இவள் கைக்குழந்தை. அக்காவைப் பார்த்த ஞாபகமே இவளுக்கு இருக்க முடியாது. கலைச்செல்வி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உயரம் சரியாக இருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

கலைச்செல்வி தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் மகளின் முழங்கால்களைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள். கயலின் தலை சிவப்புக் கோட்டுக்கு மேலே போனது. நன்றாகவே போனது.

ரயிலை ஓட்டுகிற பெண், "ஸாரிம்மா, பாப்பா ஏற முடியாது" என்றாள்.

"தெரியும்மா. இவ ஏறல." கலைச்செல்வி கையில் இருந்த இன்னொரு குழந்தை டிக்கெட்டை நீட்டினாள். "கடேசி சீட்டுல யாரும் உக்காராம ஒரே ஒரு தடவ விடுறீகளா?"

அந்தப் பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், எங்கள் மூவரையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகள் ஏறின. அவள் ஒவ்வொரு சீட்டிலும் கம்பியை இழுத்துப் பூட்டிக்கொண்டே வந்து, கடைசிக் காலி சீட்டிலும் கம்பியை இழுத்துப் பூட்டினாள். காலி சீட்டாக இருந்தாலும் பூட்ட வேண்டும் என்பது அவர்கள் விதி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது அது எனக்குத் தெரியாது.

ரயில் சிமெண்டு மலையைச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கடைசிப் பெட்டி எங்களைக் கடக்கும்போது கயல் கையை ஆட்டினாள். அங்கே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ரயில் நின்றது, கம்பிகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்கி ஓடின. கலைச்செல்வி கடைசிச் சீட்டைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"போதும்த்தா. எறங்கிக்க."

கயல், "அம்மா, பசிக்குது" என்றாள். கலைச்செல்வி அங்கேயே திண்டில் உட்கார்ந்து, அந்தப் பொட்டலத்தையே பிசைந்து ஊட்டினாள். ஊட்ட ஊட்ட அழுதாள். நானும் தள்ளிப்போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் என்ன வெட்கம்.

6. அடுத்த போன்

மறு வருஷம் கோடையில் செல்வராசு கூப்பிட்டார்.

"அண்ணே, வண்டி வேணும். பார்க்குக்கு இல்ல, கொடைக்கானலுக்கு. கயலுதான் கேட்டா."

"எத்தன பேரு தம்பி?"

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மூணு பேருண்ணே."

ஒரே இடத்துக்கு வருஷா வருஷம் போவது காசுக்குத் தகுமா என்று இப்போதும் வண்டிக்காரனைக் கேட்பார்கள். உங்களையும் கேட்பார்கள். காசுக் கணக்கு நமக்கு வேண்டாம். "பின்சீட்டில் வருகிற பிள்ளையைக் கேட்டீர்களா?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். தேனு கேட்டாள், கூட்டிப்போகவில்லை. கயலை வருஷா வருஷம் கூட்டிப்போனார்கள், அவளிடம் ஒருதரம்கூட யாரும் கேட்கவில்லை. வண்டி ஓட்டியதில் நான் கற்றுக்கொண்டது அதுதான்.

கொடைக்கானல் போன அன்று கயல் புதுச் சுடிதார் போட்டிருந்தாள், கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஏறியதும் ஜன்னலோர இருக்கையில் போய் உட்கார்ந்தாள். திருப்பத்தூர் தாண்டியதும் வெயில் உள்ளே அடித்தது.

"மாமா, இங்குட்டுக் காத்தே வரல" என்றாள்.

கண்ணாடியில் கலைச்செல்வியைப் பார்த்தேன். அவள் கை மேலே போனது, மூடியிருந்த ஏசி துளைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதைத் திறந்துவிட்டாள்.