யூட் அண்ணை சொன்னது

கார்பன் தாளுக்கு ஒரு மணம் உண்டு. மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்ததுபோல் மூக்கில் ஏறி நிற்கும் அந்த மணமும், எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில் மிஞ்சுகிற நீலமும்தான் என் பதின்மூன்றாவது வயது. அந்த வயதில் மற்றப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் குருநகரில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவின் எல்லா வீடுகளுக்கும், மனு எழுதிக்கொண்டிருந்தேன். 'சென்றி' என்று நாங்கள் சொன்ன இராணுவக் காவலரண்களில் பிடிபட்டவர்களைப் பற்றியும், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும் கடிதம் இங்கிலீஷில் போனால்தான் யாராவது வாசிப்பார்கள் என்று எல்லோரும் நம்பிய போர்க்காலம் அது. ஒழுங்கையில் இங்கிலீஷ் ரியூசனுக்குப் போனவள் நான் ஒருத்திதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

எங்கள் ரியூசன் மாஸ்டர், பேசுவதற்கு இங்கிலீஷில் உள்ள வினைச்சொற்களை இரண்டு பக்கத்துக்கு எழுதித் தந்திருந்தார். 'சே', 'ரெல்', 'ஸ்பீக்', 'ரோக்' என்று தொடங்கி 'விஸ்பர்', 'மட்டர்', 'அட்மிற்', 'கொன்ஃபெஸ்' வரை போகும் அந்தப் பட்டியல் முழுவதையும் வளைத்து ஒரே ஒரு பெரிய அடைப்புக்குறி, அதற்கு எதிரே 'சொல்லுதல்' என்று ஒரே ஒரு தமிழ்ச்சொல். "ஒரு பந்தியிலை ஒரு சொல்லு ரெண்டாந்தரம் வந்தால் அது பஞ்சப்பட்ட இங்கிலீஷ்" என்பார். வந்த ஒவ்வொரு தடவைக்கும் அரைப் புள்ளி வெட்டுவார். எங்கள் ஒழுங்கையில் 'புறுபுறுக்கிறது' வேறு, 'அலட்டுறது' வேறு, 'குசுகுசுக்கிறது' வேறு. ஒன்றை வைக்கிற இடத்தில் மற்றதை வைத்தால் சின்னப்பிள்ளைகூடச் சிரிக்கும். அந்தப் புத்தி இங்கிலீஷுக்கும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சொற்கள் வேறு வேறு என்பது தெரியும், எப்படி வேறு என்பது தெரியாது, தெரியாதது பற்றிக் கவலையும் கிடையாது.

பக்கத்து வீட்டுத் திரேசா மாமியின் ஒரே மகன் யூட் அண்ணை படகு எஞ்சின் திருத்துகிறவர். ஒரு நாள் காலையில் தாயும் மகனுமாய்ச் சந்தைக்குப் போகையில் சென்றியில் மறித்தார்கள். ஐந்து கேள்வி கேட்டார்கள். ஐந்துக்கும் அவர் மறுமொழி சொன்னார். பிறகு அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டு மாமியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு நாள் அந்த வாசலில் நின்று பார்த்த மாமி, மூன்றாம் நாள் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"பிள்ளை, நான் சொல்லச் சொல்ல அப்பிடியே எழுது. ஒண்டையும் கூட்டாதை, குறைக்காதை."

நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யூட் அண்ணை தன் பெயரைச் சொன்னதற்கு 'சே' போட்டேன். ஊரைச் சொன்னதற்கு 'ரெல்'. தொழிலைச் சொன்னதற்கு 'எக்ஸ்பிளெயின்'. அடையாள அட்டை புதிதாக எடுத்தது என்று சொன்னதற்கு 'அட்மிற்'. கடைசியாக, அவர்கள் தேடிக்கொண்டிருந்த அடுத்த ஒழுங்கைப் பெடியன்களைப் பற்றிச் சொன்னதற்கு 'கொன்ஃபெஸ்'. மாமியின் வாயில் ஐந்துமே 'சொன்னவன்'தான். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது ஒரு சொல்கூட இரண்டாந்தரம் வரவில்லை என்று எனக்கு எவ்வளவு பெருமை! மாமி மூன்று பிரதிகளிலும் கையெழுத்து வைத்து, என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிறவர்களை அம்மா நன்றாக ஏசுவார். அப்படி எழுதுகிறவளை ஏச அவருக்கு இங்கிலீஷ் தெரியவில்லை.

பதில் என்று ஒன்று வர மூன்று வருஷம் போனது. ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து, இங்கிலீஷில் அரைப்பக்கம். அப்படி ஒருவரைத் தடுத்து வைத்ததாகப் பதிவு எதுவும் இல்லை. எனினும் தேடப்பட்டவர்களோடு தனக்கிருந்த தொடர்பை அவர் ஒப்புக்கொண்டதாகத் தாயாரே எழுதியிருப்பது கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. அதில் என்னுடைய 'கொன்ஃபெஸ்' மேற்கோள்குறிக்குள் இருந்தது. அகராதியை எடுத்துப் பார்த்தேன். செய்த குற்றத்தைத் தன் வாயால் ஏற்றுச் சொல்லுதல் என்று போட்டிருந்தது.

கடிதத்தைக் கொண்டுவந்த மாமி உட்காரவும் இல்லை. "என்ன போட்டிருக்கு, பிள்ளை?"

"தேடினமாம், மாமி. பாத்துச் சொல்லுவினமாம்."

மாமி சந்தோசத்தில் அழுதார். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்ற பதினாறு வயதுப் பெண்ணை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த ஒரு சொல்லால்தான் யூட் அண்ணை வராமல் போனார் என்று நான் சொல்லவரவில்லை. கடிதமே எழுதப்படாமல் வராமல் போனவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவரைக் குற்றவாளி என்று சொல்கிற கடிதம் அவரைப் பெற்றவளின் கையெழுத்தோடு போனது. அதை எழுதியவள் நான்.

இப்போது நானும் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். ரியூசன் கொட்டகை நின்ற இடத்தில் கைத்தொலைபேசிக் கடை வந்துவிட்டது, சென்றி இருந்த மூலையில் யாரோ மாடி வீடு கட்டுகிறார்கள், மனு எழுதக் கார்பன் தாள் கேட்டால் கடைக்காரப் பெடியன் என்னை விசித்திரமாகப் பார்க்கிறான். மாமிக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. எந்த விசாரணை, எந்த ஆணைக்குழு வந்தாலும் பழைய கடிதத்தின் பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். சென்ற மாதமும் ஒரு புதுப் படிவத்தோடு என்னிடம் வந்தார்.

"பழைய கடுதாசியைப் பாத்து இதிலை அப்பிடியே எழுது, பிள்ளை. ஒரு சொல்லும் மாத்தாதை."

எனக்கு முடியவில்லை. போட்ட சொல், வந்த பதில், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார், எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். மாமி அந்த உறையை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் நான் காவிக்கொண்டு திரிஞ்சது..." என்று தொடங்கினார். பிறகு நிமிர்ந்து, "சரி. இப்ப சரியாய் எழுது. அந்தப் பெடியளைப் பற்றி அவன் என்ன சொன்னவன்?" என்றார்.

"நீங்கள்தானே மாமி பக்கத்திலை நிண்டனீங்கள்?"

"நிண்டனான். அவன் போட்டிருந்த சேட்டின்ரை நிறம் தெரியுது. செருப்பைக் கழட்டச் சொன்னது தெரியுது. சொன்னதெல்லாம் கடுதாசியிலை இருக்கெண்டு நான் மனசிலை வைக்கேல்லை, பிள்ளை. தெரியும் எண்டவனோ, சும்மா கண்டிருக்கிறன் எண்டவனோ... நீதானே அண்டைக்குக் கேட்டு எழுதினனீ. யோசிச்சுப் பார்."

யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். மாமியின் முகம் வந்தது, உதடு அசைந்தது, சொல் வரவில்லை. எனக்கும் பாடமாயிருந்தது நான் போட்ட அந்த இங்கிலீஷ்ச் சொல் மட்டும்தான். உறையில் இருந்த கடிதத்திலும் அதற்கு மேல் எதுவும் இல்லை. பெற்றவளுக்கும் எழுதியவளுக்கும் தெரியாவிட்டால், அதை அறிந்தவர்கள் இனி அன்று அந்தச் சென்றியில் நின்றவர்கள் மட்டும்தான்.

அந்தப் பெடியன்களைப் பற்றி யூட் அண்ணை சொன்னதை எழுதவேண்டிய இடத்தை வெற்றாக விட்டேன். மாமி அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார்.