கணவர் ஒப்பம்

அவள் வாய்க்குப் பயந்துதான் அவளை மாற்றினார்கள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம் கருத்தடைப் பிரிவில் நர்ஸ். உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் மிளகாய். 'மருந்து இருப்பில் இல்லை' என்ற அதிகாரியைக் கையோடு கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டியவள். அதற்குப் பரிசாக, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு கிராமத்துச் சுகாதார நிலையம் கிடைத்தது.

இரண்டே அறை. முன்னறையில் எழுத்தரின் மேசை, பின்னறையில் திரை கட்டிய கட்டில். அலமாரியில் காப்பர் டி நாற்பது உறை பிரிக்காமல் கிடந்தன.

"இங்க பொம்பளைங்க இதெல்லாம் கேக்க மாட்டாங்க சிஸ்டர். படிப்பறிவு கம்மி" என்றார் எழுத்தர்.

ஏன் கேட்பதில்லை என்பது மூன்றாம் நாள் தெரிந்தது.

செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒருத்தி வந்தாள். நாலு பிள்ளை. கடைசிப் பிரசவத்தில் எமனைப் பார்த்துத் திரும்பியவள். இன்னொன்று தாங்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார். எழுத்தர் படிவத்தை நீட்டினார். அடியில் ஊதா மையில் ஒரு முத்திரை: கணவர் ஒப்பம்.

"அவரு போட மாட்டாருண்ணே. போன தடவையும் இதைச் சொல்லித்தானே அனுப்பினீங்க? போய்க் கேட்டதுக்கு, 'எவனுக்காகடி?'ன்னு அறைஞ்சாரு."

"அது உங்க வீட்டு விவகாரம்மா."

மிளகாய் படிவத்தைப் பிடுங்கினாள். நகரத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்த அதே படிவம். அச்சில் அப்படி ஒரு வரியே கிடையாது.

"இந்த சீல் யாரு குடுத்தது சார்?"

"நான்தான் செய்யச் சொல்லி வாங்கினேன். நாளைக்கு ஒருத்தன் வந்து சட்டையைப் பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

அவள் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. எழுத்தர் மேசையிலிருந்த குடும்பப் படத்தில் அவர் மகளை முதல் நாளே அடையாளம் கண்டிருந்தாள். போன வருஷம் அந்தப் பெண் நகரத்தில் இவளிடம்தான் காப்பர் டி போட்டுக்கொண்டாள். தனியாக வந்தாள், அரைமணியில் போனாள். புருஷன் எங்கே என்று ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. சொன்னால் இந்த மனுஷன் வாய் அடைத்துவிடும். ஆனால் அது அந்தப் பெண்ணின் ரகசியம். விழுங்கினாள்.

என்ன நியாயம் இது? நகரத்தில் பெண்ணின் வயிறு அவளுடையது. முப்பது மைல் தள்ளி வந்தால் அது புருஷன் பேரில் பட்டா போட்ட நிலம். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, 'உள்ளே வர யாருக்கும் விருப்பமில்லை' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். அதைப் படிக்கிற மேலதிகாரிகள், கிராமத்துப் பெண்ணுக்கு விழிப்புணர்வு போதாது என்று கூட்டம் போட்டு வருத்தப்படுகிறார்கள்!

"உனக்கு விருப்பம்தானேம்மா?"

"சாகாம இருக்க விருப்பம் சிஸ்டர்."

மிளகாய் முத்திரையின் குறுக்கே பேனாவால் கோடு இழுத்தாள். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"உள்ள வா. பத்து வருஷத்துக்குக் கவலையில்ல. நடுவுல வேணாம்னு தோணுச்சா, வா, எடுத்துடலாம். அதுக்கும் எவன் கையெழுத்தும் வேணாம்."

பத்தாம் நாள் மேலிடத்திலிருந்து கடிதம்: 'கணவர் ஒப்பம் பெறாததற்கு விளக்கம் தரவும்.' அவள் ஒரே வரி எழுதினாள்: 'எந்த விதியின்கீழ் என்று தெரிவிக்கவும்.'

பதில் இன்னும் வரவில்லை. எழுத்தர் தினமும் முத்திரை குத்துகிறார். அவள் தினமும் அதன் குறுக்கே கோடு இழுக்கிறாள். நாற்பது உறையில் இப்போது மிச்சம் பதினொன்று.