தாய்மொழி: பிரெஞ்சு

பள்ளிப் படிவத்தில் அப்படித்தான் எழுதினேன். வீட்டில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகளுக்கு அங்கே தனி இடங்கள் உண்டு. நான் பாண்டிச்சேரிக்காரி, பிரெஞ்சில் படித்தவள். எழுதினால் என்ன தப்பு? எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்று ஒரு மாதம் என் நான்கு வயது மகளிடம் பிரெஞ்சு மட்டுமே பேசினேன். பிரெஞ்சு தெரியாத கணவரை ஆங்கிலத்தில் பேசச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பண்ணும்போது மட்டும் தமிழ்.

நேர்முகத்தில் டீச்சர் பிரெஞ்சில் கேட்டதற்கெல்லாம் அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எனக்கு உயிரே போய்விட்டது. டீச்சரோ சிரித்தார். “வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைகள் இப்படித்தான். தயார்பண்ணிக் கூட்டிவந்த பிள்ளைகள்தான் பிரெஞ்சில் ஒப்பிப்பார்கள்.” இடம் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது ஃப்ரீவே முழுக்கப் பனிமூட்டம். மலையும் இல்லை, வானமும் இல்லை. கார் பாலுக்குள் மிதப்பதுபோல் இருந்தது. பின் சீட்டில் அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள். இனி யாருக்காக நடிக்க வேண்டும்?

“பசிக்குதாடி செல்லம்?” என்றேன். என் குரல் எனக்கே இனித்தது.

அவள் கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் யாரோடு போன் பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.