வெள்ளிக்கிழமை திறந்திருந்த கடை

போன வெள்ளிக்கிழமை கண் பரிசோதனைக்காக ஆம்பூர் ரெட்டை டவருக்குப் போயிருந்தேன். ரயிலில் வரும்போதே தெரியுமே, பாலாற்றுப் பக்கமிருந்து பார்த்தால் ஊருக்குக் கொம்பு முளைத்த மாதிரி நிற்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் இரண்டு, அதேதான். கண் டாக்டர் ஆறாவது மாடியில் இருக்கிறார். கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது பக்கத்து ஷூ கடையிலிருந்து சொல்யூஷன் வாசனை வந்தது. செருப்பு ஒட்டும் பசைதான், இந்தப் பக்கத்தில் எல்லோரும் அதைச் சொல்யூஷன் என்றுதான் சொல்வோம். லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடியது. நான் ஏறவில்லை.

ஆம்பூர் என்றதும் உங்கள் மனம் பிரியாணிக்குப் போயிருக்கும். கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள், எஸ்தர் அக்கா கடைக்கு.

இந்த டவர் வருவதற்கு முன் இதே இடத்தில் ஒரு நீளச் சந்து இருந்தது. அட்டைக்காரர், லேஸ்காரர், துண்டுத் தோல் விற்பவர் என்று இருபக்கமும் கடைகள். எஸ்தர் அக்கா மிஷின் ஊசி, நூல், சொல்யூஷன் விற்பார். வீட்டில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைக்கும் பெண்கள் எல்லாம் அவரிடம்தான் வாங்குவார்கள். டப்பாவைத் திறந்து, விரலில் தொட்டு, இரண்டு விரலையும் ஒட்டிப் பிரித்துக் காட்டித்தான் விற்பார். ஒட்டாத டப்பாவை அவரே திருப்பி அனுப்பிவிடுவார்.

சந்து அழகான சந்து என்று பொய் சொல்ல மாட்டேன். மழை பெய்தால் முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர் நிற்கும். பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் நகரத்தைப் புதுப்பிக்கப் போகிறோம், சந்தை இடித்து டவர் கட்டி, இருக்கிற கடைக்கெல்லாம் தரைத்தளத்தில் கடை தருகிறோம் என்று அதிகாரிகள் சொன்னபோது அதிகம் மகிழ்ந்தது எஸ்தர் அக்காதான். "கக்கூஸ் கட்டுவாங்களாமே தம்பி, அது ஒண்ணே போதும் எனக்கு" என்றார்.

இடிப்பதற்கு முன் சந்துக் கடைகளை அளந்து பட்டியல் எடுக்க வந்த குழுவில் நான் இருந்தேன். திமிரியிலிருந்து டிப்ளமோவும் இரண்டு சட்டையுமாக வந்த தற்காலிக ஆள். டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பதும், அழகான கையெழுத்தில் படிவம் நிரப்புவதும் என் வேலை. கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மேற்பார்வையாளர் அளவெடுக்கத் தேர்ந்தெடுத்தது வெள்ளிக்கிழமை. "கூட்டம் கம்மியா இருக்கும், டேப் புடிக்க ஈஸி" என்றார். கம்மியா? ஈ காக்கை இல்லை. தோல் மண்டிக்காரர்களுக்கும், ஷாப்பு என்று நாங்கள் சொல்லும் ஷூ கம்பெனிகளின் முதலாளிகளுக்கும் அன்று தொழுகை நாள், லீவு. அவர்கள் மூடினால் சந்தே மூடும். எஸ்தர் அக்கா சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் அவர் கடைக்கும் வெள்ளிதான் லீவு. ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்து கடையைத் திறப்பார். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை ஷூ வாங்கப் போய் அசடு வழியத் திரும்பியவன் நான்.

படிவத்தில் பயன்பாடு என்று ஒரு கட்டம். பார்த்ததை எழுது என்றார்கள். வரிசையாக எழுதினேன்: பூட்டியுள்ளது, பூட்டியுள்ளது, பூட்டியுள்ளது. பட்டியலாக வந்தபோது அது 'பயன்பாட்டில் இல்லை' என்று ஆகியிருந்தது. பயன்பாட்டில் இல்லாத கடைக்கு டவரில் இடம் கிடையாது. சொந்தப் பத்திரம் வைத்திருந்தவர்கள் அதைக் காட்டித் தப்பித்தார்கள். வாடகைக்கு இருந்த எஸ்தர் அக்காவுக்கு என் படிவத்தை விட்டால் வேறு காகிதம் இல்லை.

பட்டியலோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். "இன்னா தம்பி இது? என் கடையில எத்தினி டீ குடிச்சிருப்ப? நான் கடை நடத்துறது உனக்குத் தெரியாதா?"

மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அளந்த அன்னிக்குத் தொறந்திருந்துச்சா?"

"வெள்ளிக்கிழமை சார்..."

"இருந்துச்சா, இல்லியா?"

"இல்ல சார்."

"அப்போ எழுதுனது சரிதானே? அதுல உன் கையெழுத்தும் இருக்குது பாரு."

இருந்தது. அழகாகவே இருந்தது. அக்காவுக்கு மனு எழுதித் தந்தேன், மூன்று முறை. மூன்றுக்கும் முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார்கள். தற்காலிக ஆள் அதற்கு மேல் என்ன செய்வான் என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இன்றுவரை அந்தத் தேற்றல் சரியாக ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு எஸ்தர் அக்கா வெள்ளிக்கிழமையும் கடை திறக்க ஆரம்பித்தார். முழுச் சந்தும் பூட்டிக் கிடக்க, அவர் கடை ஒன்று மட்டும் திறந்திருக்கும். வாங்க ஒருவரும் வர மாட்டார்கள். பலகைகளைத் துடைத்து, டப்பாக்களை வாசல் வரை அடுக்கி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருப்பார். யாராவது அதிகாரி மறுபடி பார்க்க வருவார் என்று நம்பினார். நான் அந்தப் பக்கம் போனால் கூப்பிடுவார்.

"பாத்துக்கோ தம்பி, தொறந்துதான் இருக்குது. எழுதிக்கோ."

என்னிடம் எழுதப் படிவம் இல்லை. தலையாட்டிவிட்டு நடப்பேன். பிறகு அந்தச் சந்து வழியாகப் போவதையே நிறுத்திவிட்டேன். இடிக்க இயந்திரம் வந்த வாரம் வரை அவர் வெள்ளிக்கிழமைகளில் திறந்தே வைத்திருந்தாராம். அப்புறம் ஆலங்காயத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். தேடிப் போகவில்லை. போய் என்ன சொல்வது?

லிஃப்ட் வாசலில் நின்று மனதுக்குள் அளந்து பார்த்தேன். சந்து முனையில் இருந்த குழாயிலிருந்து அக்கா கடை முப்பத்தொரு அடி. குழாய் இருந்த இடம் இப்போது செக்யூரிட்டி மேஜை. கடை இந்த லிஃப்ட் குழிக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

செக்யூரிட்டிக்காரர் எழுந்து வந்தார். "இன்னா சார், ரொம்ப நேரமா நிக்கிறீங்க?"

"இங்க வெள்ளிக்கிழமை லீவு கிடையாதாங்க?"

"லீவா? டவர்ல ஏது சார் லீவு. ஏழு நாளும் தொறந்துதான் இருக்கும்."

திரும்பிப் பார்த்தேன். ஷூ கடை, போன் கடை, நகைக் கடை, மூலையில் பெண்களுக்கான கழிப்பறை, பளிச்சென்று. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாம் திறந்திருந்தன. யாரும் அதை எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை.