லாடம் கழற்றுகிறவன்

லாடம் அடிக்காத லாடக்காரன் என்று மைசூரில் என்னைக் கேலி செய்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் குதிரைக் காலை நம்பிப் பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் குதிரைக்கு இரும்பே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான் ஒருவன். "டைலரே துணி எதுக்குன்னு கேட்ட மாதிரி இருக்கு" என்று ரேஸ் கோர்ஸ் பக்கத்து டீக்கடையில் ஒருவர் சொன்னார். நானும் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். பதில் தெரியாமல் இல்லை. எனக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, டீ ஆறிவிடும்.

எங்கள் குடும்பம் கொள்ளேகாலைத் தாண்டி, தமிழ் பேசும் கௌதள்ளிப் பக்கத்திலிருந்து வந்தது. நான் பந்தயக் குதிரை லாயங்களில் எட்டு வருடம் லாடம் அடித்தேன். சில வாரங்களுக்கு ஒரு முறை பழையதைப் பிடுங்கிப் புதியதை அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குளம்பின் ஓரத்தில் புது ஆணி, புது ஓட்டை. வாடகை வீட்டுச் சுவரில் குடிவருகிற ஒவ்வொருவரும் காலண்டருக்கு ஆணி அடித்தால் சுவர் என்ன ஆகும்? அப்படித்தான் உதிர்ந்தன அந்தக் குளம்புகள். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. குதிரை என்றால் லாடம், லாடம் என்றால் ஆணி.

பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகிற வழியில் குதிரை வளர்க்கும் பண்ணை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே குட்டி போடும் பெண் குதிரைகளுக்கு லாடம் கிடையாது. கல்லிலும் சேற்றிலும் வெறும் காலோடு அலையும். ஓரம் வளர்ந்தால் அரத்தால் ராவிவிடுவதுதான் என் வேலை. முதல் நாள் ஒரு கிழட்டுக் குதிரையின் காலைத் தூக்கிப் பார்த்தேன். வட்டமாக, கெட்டியாக, ஒரு வெடிப்பு இல்லாமல் இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டு வருடமாக என்னடா செய்துகொண்டிருந்தோம் என்று.

அன்றிலிருந்து பிடிவாதக்காரன் ஆகிவிட்டேன். பண்ணை வேலை போக மீதி நேரத்தில் ஊருக்குள் சைக்கிளில் சுற்றி, யார் சம்மதித்தாலும் அவர்கள் குதிரையின் லாடத்தைக் கழற்றி, குளம்பை வெறும் தரைக்குப் பழக்க ஆரம்பித்தேன். முக்கால்வாசிப் பேர் துரத்திவிட்டார்கள். ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். குதிரையின் முன்னங்காலை முழங்கால்களுக்கு நடுவில் வாங்கிக்கொண்டு குனிந்தால் உலகத்தில் வேறெதுவும் இல்லை. எல்லோரும் உதையைப் பற்றித்தான் கேட்பார்கள். உதை எப்போதோ ஒரு முறை. குதிரை நம்மை நம்பிவிட்டால் தன் பாரத்தை நம் முதுகில் சாய்த்துவிட்டுத் தூங்கப் பார்க்கும், அதுதான் இடுப்பை ஒடிக்கும்.

மண்டி மொஹல்லாவில் டாங்கா என்கிற குதிரை வண்டி ஓட்டிய ஒருவர், ஒரு கோடை முடிவில், என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். லாரிக்காரத் தமிழர்களோடு பேசிப் பழகிய, கன்னடமும் உருதுவும் கலந்த தமிழ். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை மேஸ்திரி என்பார். அவரிடம் இருந்தது ஒரே குதிரை, செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. அதை அவர் 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார், மகளே என்று அர்த்தம்.

"மேஸ்திரி, நோடி, இங்க பாருங்க, லாடம் நிக்கறதே இல்லை. பத்து நாள்ல கழண்டு போகுது. ஆணி அடிக்க ஜாகாவே இல்லைன்னு எல்லாரும் கை விரிச்சுட்டாங்க" என்றார்.

உண்மைதான். முன்னங்கால் ஓரங்கள் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தன. செங்கல் சூளைக்குக் குதிரை கேட்டிருக்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். சொல்லும்போது குதிரையின் முகத்தைப் பார்க்கவில்லை. சூளை வண்டியில் பூட்டிய குதிரை எத்தனை நாள் தாங்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

நான் வழக்கம்போல் ஆழம் பார்க்காமல் காலை விட்டேன். "லாடத்தையே கழற்றிவிடலாம் பாய். தசராவுக்குள் இவள் வெறும் காலோடு அரண்மனையைச் சுற்றி வருவாள்" என்றேன். தசரா நாட்கள்தான் டாங்காக்காரர்களுக்கு அறுவடை. அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "அதுவரைக்கும் பார்க்கறேன். ஆகலைன்னா சூளைதான்" என்றார்.

நான்கு மாதம். வாரம் ஒரு தடவை போவேன். முதலில் மண் தரையில் நடக்கவிட்டோம், பிறகு குக்கரஹள்ளி ஏரிக்கரையில், பிறகு தார் ரோட்டில் கொஞ்ச தூரம். மேலிருந்து புதுக் குளம்பு இறங்கி வந்தது, ஓட்டையில்லாமல், பளபளவென்று. ஆவணி முடிவதற்குள் காலி வண்டியை மார்க்கெட் வரைக்கும் இழுத்துப் போனாள். அதில் ஒரு தமாஷ் நடந்தது. இரும்பு இல்லாததால் டக் டக் சத்தம் இல்லை. தேவராஜ மார்க்கெட் வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் தோளுக்குப் பின்னால் போய் நின்று குதிரை மூச்சு விட்டிருக்கிறது. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் பூக்கடைக்காரர் தராசைக் கீழே போட்டாராம். மறுநாளே பாய் குதிரையின் கழுத்தில் சலங்கை கட்டிவிட்டார்.

தசராவுக்கு ஒரு வாரம் இருந்தது. டாங்கா ஸ்டாண்டிலேயே வைத்துக் காலைச் சீர்செய்துவிடலாம் என்று போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மற்ற டாங்காக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். லாடமில்லாத குதிரையைப் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் என்னோடு முன்பு லாடம் அடித்தவர்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். லாடம் அடிக்கிறவன் முதலில் குளம்பின் உள்ளங்காலைக் கத்தியால் சீவுவான். எப்படியும் இரும்பு அதைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கப் போகிறது. அதனால் அழுக்கும் தடிப்பும் போய், சீவிய சுரைக்காய் மாதிரி வெள்ளையாக வரும்வரை சீவுவான். அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் 'நல்ல கை' என்பார்கள். ஆனால் வெறும் காலோடு நடக்கிற குதிரைக்கு அந்த அழுக்குத் தடிப்புதான் செருப்பு. அதைத் தொடவே கூடாது. இதை ஊரெல்லாம் பிரசங்கம் செய்தவனே நான்தான்.

அன்றைக்குக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, கை பழைய கை ஆகிவிட்டது. வளைந்த கத்தியை எடுத்தேன். சுருள் சுருளாக விழுந்தது. தெருநாய்கள் ஓடிவந்து கவ்விக்கொண்டு போயின. "வெண்ணெய் மாதிரி சீவறான்யா" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டாவது காலையும் சீவினேன். வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன்.

மறுநாள் காலையில் பாய் வாசலில் நின்றார். "இவ ரோட்ல கால் வைக்க மாட்டேங்கறா, மேஸ்திரி."

போய்ப் பார்த்தேன். சூடான தோசைக்கல்லை மிதிப்பது போல் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், வெடுக்கென்று காலைப் பிடுங்கிக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. நான்கு மாதம் கஷ்டப்பட்டுத் தேறிய தடிப்பை ஐந்தே நிமிஷத்தில் நாய்க்குப் போட்டிருக்கிறேன்.

அப்போது பாய் சொன்னார்: "எங்க சந்து முழுக்க ஜல்லிக் கல்லு. அதுதான் குத்தியிருக்கும். நான்தான் பார்க்காம நடத்திட்டேன். என் தப்பு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாம் பாய், கல்லாத்தான் இருக்கும்" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், எனக்கோ கூடத்தைக் கோணல் என்று சொல்லும் சிரமம்கூட இல்லாமல் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். சாக்குத் துணியை மடித்துக் கால்களுக்கு அடியில் வைத்து, லாரி ட்யூப் துண்டால் சுற்றிக் கட்டிவிட்டு, மரத்தூளில் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்து நாள் பண்ணை வேலையைச் சாக்கு வைத்து அந்தப் பக்கம் போகவில்லை. ஆறாம் நாள் ஒரு மூட்டை மரத்தூளைக் கட்டிக்கொண்டு போனேன். சந்து முனையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டேன். பாயும் அவர் மனைவியும் சந்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். லாயத்திலிருந்து ரோடு வரைக்கும், அரிசியில் கல் பொறுக்குவதுபோல், ஒவ்வொன்றாக. ஓரத்தில் நான்கு கூடை நிறைந்திருந்தது. பாயின் விரல் நுனியில் பழந்துணி சுற்றியிருந்தது. மூட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவர்கள் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டாள், சொன்னேன். அவள் கொள்ளேகால் பக்கத்துக்காரி, சுற்றி வளைக்கத் தெரியாது.

"ஏனுங்க, அந்த மனுசன் இன்னும் கல்லுப் பொறுக்கீட்டு இருக்கறாரா?"

"ஆமாம்."

"அப்பொ இங்க உக்காந்து சோத்தப் பெசஞ்சீட்டு இருந்தா எப்படீங்க? போய்ச் சொல்லிப்போட்டு வந்து உண்ணுங்க."

"சொன்னால் இத்தோடு சரி. ஸ்டாண்டில் ஒரு குதிரையும் எனக்கு மிஞ்சாது. அவர் குதிரையைச் சூளைக்கு அனுப்பினாலும் அனுப்புவார்."

"சொல்லாட்டித்தான் அனுப்புவாரு. கல்லையெல்லாம் எடுத்துப்போட்டும் நடக்கலீன்னா இனி ஆகாதுன்னுதானே நெனைப்பாரு?"

கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

பாய் லாயத்தின் வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கல் இல்லை, என் கத்தி. பார்க்கிறவர்களுக்காகச் சீவினேன். அன்றைக்கே தெரியும், மறைத்தேன். சந்தில் இருந்த கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தடிப்பு திரும்ப வளர்ந்தால் நடப்பாள், ஆனால் தசராவுக்குள் ஆகாது.

அவர் முகம் சிவந்தது. எழுந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன், வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

"ஆறு நாள்!" என்று கத்தினார். "ஆறு நாள் கல்லு பொறுக்கினேன்! என் பெண்டாட்டிக்கு முட்டி நோவு. அவளும் பொறுக்கினா! யோவ், நீ மனுஷனா?" உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். பாய் உருதுவில் விஷயத்தைச் சொன்னதும் அவரும் தன் பங்குக்கு ஏதோ சொன்னார். அது என்னவென்று இன்றுவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கூச்சல் போட்டு முடித்ததும் பாய் கையை நீட்டினார். "அந்தக் கத்தியைக் கொடு." சைக்கிள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தன் பெட்டியில் போட்டுப் பூட்டினார். "இனிமே என் மககிட்ட அரம் மட்டும்தான். எத்தனை நாள் ஆகும், சரியாச் சொல்லு."

"தீபாவளிக்கு நடந்துவிடுவாள்."

"சரி. சூளைக்காரன்கிட்ட இல்லைன்னு சொல்லிடறேன்."

அந்தத் தசராவில் ஊரெல்லாம் விளக்கு, டாங்கா ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. பாயின் வண்டி மட்டும் ஏர்க்கால் தரையில் பட நின்றது. பத்து நாளும் விடியற்காலையில் ஏரிக்கரையில் புல் அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். முதல் நான்கு நாள் பாய் என்னோடு பேசவில்லை. குதிரை பேசியது, புல்லைப் பார்த்துக் கனைத்தது. ஐந்தாம் நாள் டீ வந்தது. சர்க்கரை கொஞ்சம் குறைவாக இருந்தது, கேட்கிற நிலையில் நான் இல்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அவள் தார் ரோட்டில் இறங்கினாள். தயங்கவில்லை. பாய் வண்டியைப் பூட்டி, என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, அரண்மனையைச் சுற்றி வந்தார். தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஸ்டாண்டில் என் பெயர் கெட்டது கெட்டதுதான். பாய் யாரிடமும் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. அடுத்த சில மாதங்கள் பண்ணை வேலையோடு அடங்கிக் கிடந்தேன். அதிலும் ஒரு நிம்மதி இருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள், லலித மகால் பக்கம் இரண்டு சவாரிக் குதிரை வைத்திருந்த ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவரும் தமிழர். மண்டி மொஹல்லா டாங்காக்காரர் அனுப்பினார் என்றார்.

"என்னைப் பற்றி என்ன சொன்னார்?"

"அவர் குதிரையை நீங்கதான் நொண்டியாக்கினீங்கன்னார்."

"ஆமாம்" என்றேன்.

"அப்புறம் எதுக்கு என்னை அந்த மேஸ்திரிகிட்டயே அனுப்பறீங்கன்னு அவரைக் கேட்டேன்" என்றவர் ஹெல்மெட்டைக் கழற்றிச் சீட்டின் மேல் வைத்தார். "மத்தவங்ககிட்ட போனா குதிரை நொண்டினதும் நீங்க கல்லுப் பொறுக்கணும், இவன்கிட்ட போனா வீடு தேடி வந்து தப்பு என்னுதுன்னு சொல்லிடுவான்னார்."