பூட்டிய முன்னறை

அமெரிக்காவில் எங்கள் ஊர் செயின்ட் பாலில் கொள்ளைக்காரர்கள் ஊருக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கிய காலம் ஒன்று உண்டு. பெரியம்மா ஹெட்விக் நடத்திய விடுதியிலும் ஒருவன் இருந்தான். போட்டிருந்த மேல்கோட்டைத் தூசி தட்டக்கூட யார் கையிலும் கொடுக்க மாட்டான். இதை அவள் மத்திய அரசுப் போலீஸ்காரர் ஹோல்கமிடம் சொன்னாள். வங்கியைக் கொள்ளையடித்த அவன், கோட்டுக்குள் துப்பாக்கியோடு அவள் சமையலறையிலேயே பிடிபட்டான். அதன் பிறகு தெருவில் அவளுக்குத் தனி மரியாதை. கேலியும் உண்டு: "ஹெட்விக் அக்கா வர்றாங்க, கோட்டைக் கழட்டுங்கடா."

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். இந்தக் கதையை எழுதலாமென்று பெரியம்மாவிடம் கேட்கப் போனேன். அவள் வேறொன்றைச் சொன்னாள்.

1941 டிசம்பரில், ஜெர்மனியோடு போர் மூண்ட வாரம், ஹோல்கம் மறுபடி வந்தார். அதே நாற்காலி, அதே காபி. இப்போது அவர் தேடியது உளவாளிகளை. தெருவில் பாதிப்பேர் ஜெர்மன்காரர்கள், நாங்களும்தான். வெறுங்கையோடு அனுப்பினால் தன்னையே சந்தேகிப்பாரோ என்று பெரியம்மாவுக்குப் பயம். தன் கண் இன்னும் மங்கவில்லை என்று காட்டவும் ஆசை.

எதிர்வீட்டுத் தச்சர் ஆன்டன் ரோய்ஸ் முன்னறையைப் பூட்டியிருக்கிறார், சாவித் துவாரத்தைத் துணியால் அடைத்திருக்கிறார், உள்ளே சுத்தியல் சத்தம் கேட்கிறது என்றாள். எதுவும் பொய்யில்லை. கிறிஸ்துமஸ் வரை மரத்தையும் பரிசையும் குழந்தைகள் கண்ணில் படாமல் பூட்டிவைப்பது எங்கள் வழக்கம். எட்டிப் பார்த்தால் பரிசு கிடையாது. அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

கதவை உடைத்தார்கள். உள்ளே பாதி வண்ணம் பூசிய பொம்மை வீடு. ஆனால் ரோய்ஸ் அமெரிக்கக் குடியுரிமை வாங்காத ஜெர்மன்காரர். வந்தவர்கள் அவரை எதிரி நாட்டவரை அடைத்துவைக்கும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பெரியம்மா ஹோல்கமிடம் ஓடிப்போய் அந்த வழக்கத்தை விளக்கியிருக்கிறாள்.

"'முன்னாடியே ஏம்மா சொல்லல?'ன்னாரு. அதுக்கு நான் என்னடா சொல்லுவேன்?"

மறுநாள் ரோய்ஸின் ஏழு வயது மகள் உர்சுலா விடுதிக் கதவைத் தட்டினாள்.

"அத்தை, துணிய எடுத்துட்டு ஒரே ஒரு தடவதான் பாத்தேன். அதுக்கா அப்பாவக் கூட்டிட்டுப் போனாங்க?"

"உன்னால இல்லடி."

"அப்ப யாரால?"

பெரியம்மா ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தாள்.

போர் முடிந்துதான் ரோய்ஸ் திரும்பினார். உர்சுலா இன்றும் எதிர்வீட்டில்தான் இருக்கிறாள்; சொன்னது யாரென்று தெரியாமல் பெரியம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். ஹோல்கமின் எதிரே நான் உட்கார்ந்திருந்தால் முழுதையும் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். பெரியம்மா ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள்.

"மாத்தாத. அவ படிக்கணும்."